பெயின்ட்டைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

எங்கள் ஊர் கயத்தாறு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். கரிசல்காட்டுக்காரன் பாய்மரப் படகைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் என் தொழில். இருபத்திரண்டு வருடமாகக் காத்தாடி இறக்கைகளைப் பழுதுபார்க்கிறேன். காற்றாலையைத்தான் எங்கள் பக்கம் காத்தாடி என்போம். அந்த இறக்கை முழுக்கக் கண்ணாடி இழையும் ரெசினும். இன்று விற்பனைக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவையும் அதே கண்ணாடி இழை, அதே ரெசின்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வருவதற்கு முன்னால், மாசி பங்குனியில், கயிற்றில் தொங்கியபடி சின்னச் சுத்தியலால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போவேன். எந்த இடம் உறுதியாக இருக்கிறது, எந்த இடம் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று காதுதான் சொல்லும்.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பாய்மரப் படகில் மாலத்தீவு வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய நாள்பட்ட ஆசை. கொச்சிப் பக்கம் ஒரு படகு விலைக்கு வந்தது. 36 அடி நீளம், 1989இல் செய்தது, 18 லட்சம் சொன்னார்கள். "தம்பி, இன்ஜினை நான் பார்த்துக்கிடுவேன். உடம்பை நீங்க வந்து தட்டிப் பாருங்க" என்றார். போனேன்.

படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்போது கறந்த பால் மாதிரி வெள்ளை. பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேல்தளத்தில் ஏறினேன். எங்கம்மா சந்தையில் மண்பானை வாங்கும்போது காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டுவாள். 'ணங்' என்றால் கூடைக்குள் போகும். 'சத்' என்றால் கீழே வைத்துவிடுவாள். படகிலும் அதேதான். படகின் முன்பக்கமான அணியத்தில் ஆரம்பித்து அரை அடிக்கு ஒரு தட்டு. ணங், ணங், ணங். பாய்மரத்தின் அடிக்கு வந்தபோது சத்தம் செத்துப்போனது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே தட்டினேன். இரண்டு முழம் அகலத்துக்கு அதே செத்த சத்தம். அங்கே குதிகாலை ஊன்றி அழுத்தினால் தளம் லேசாகக் கீழே போய் வந்தது.

மேல்தளம் ஒரே தகடு கிடையாது. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். எங்கள் இறக்கைக்குள்ளும் அந்த மரம் உண்டு. எடை இல்லாமல் விறைப்பு கொடுக்கும். ஆனால் ஏதாவது ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் மரம் நைந்து கூழாகிவிடும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அந்தச் சத்தத்தை மாற்ற முடியாது.

பிறகு படகுக்கு அடியில் குனிந்து போனோம். வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஏழெட்டுக் கொப்புளங்கள். உடைமைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைக் குத்தினேன். பிசுபிசுவென்று நீர் வந்தது. மோந்து பார்த்தால் காடி வாடை. வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகில் மேல்பூச்சு வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, ரெசினில் சேராமல் நின்ற சரக்கைக் கரைத்து, அமிலமாகித் தேங்கும். அந்த வாடை அதுதான். இதற்கு நான் பயப்படவில்லை. ஏழெட்டுக் கொப்புளத்தைத் தேய்த்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாம். உடம்பு முழுக்க அம்மை மாதிரி வாரிப் போட்டிருந்தால் வேறு கதை.

நான் பயந்தது ஏராவைப் பார்த்து. படகு கவிழாமல் நிற்பதற்காக அடியில் டன் கணக்கில் இரும்பையோ ஈயத்தையோ தொங்கவிட்டு, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதுதான் ஏரா. அந்த எடை உடம்போடு சேரும் கோட்டில், புதுப் பெயின்ட்டையும் மீறி, துரு கண்ணீர் மாதிரி வடிந்திருந்தது. "எங்கேயாவது தரை தட்டிச்சா?" என்று கேட்டேன். "ஒருதரம் மணலில் லேசாக" என்றார் உடைமைக்காரர். உள்ளே போய் நடைப்பலகையைத் தூக்கினேன். படகின் வயிற்றுக்குள் விலா எலும்பு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் ஒட்டியிருக்கும். ஏராவின் பின்முனை வரும் இடத்தில் மட்டும் சட்டத்துக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பெயின்ட்டுக்கு அடியில் தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல், சட்டம் ஒட்டிய ஓரம் முழுக்க ஓடியது. லேசாகத் தட்டினால் அப்படி விடாது.

அந்த விரிசலைப் பார்த்ததும் பழைய விபத்து ஒன்று ஞாபகம் வந்தது. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக்கின் நடுவில் ஏரா கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த பிரிட்டனைச் சேர்ந்த நான்கு பேரும் திரும்பவே இல்லை. விசாரணை நடத்திய பிரிட்டிஷ் அமைப்பு, அந்தப் படகு முன்பு சில தடவை தரை தட்டியதையும், அதற்குப் பார்த்த பழுதுவேலையையும் சந்தேகத்துக்குரிய காரணங்களில் சேர்த்தது. நான் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணாச்சி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். வெதுவெதுப்பாக இருந்ததாம். "காலையிலேயே ஒருதரம் ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்காங்க தம்பி. ஆறிக் கிடக்கிற இன்ஜினை எழுப்பும்போதுதான் அதோட சுகவீனம் தெரியும்" என்றார். அந்தப் படகை விட்டுவிட்டு வந்தோம். மூன்று வாரத்துக்குள் வேறு ஒருவர் அதை வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. நல்ல வெள்ளை.

இதனால்தான் எழுதுகிறேன். வெளிநாடுகளில் விலை பேசி முடித்தாலும், வாங்குபவரின் செலவில் ஒரு பரிசோதகர் வந்து, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தட்டி, ஈரமானி வைத்து, பிறகு கடலில் ஓட்டியும் பார்த்து எழுதித் தந்தால்தான் பெரும்பாலும் முழுப் பணம் கைமாறும். குறை தெரிந்தால் விலை குறையும், இல்லையென்றால் பேச்சு முறியும். அந்தக் கூலி ஒரு புதுப் பாயின் விலைகூட ஆகாது. நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. தெரிந்தவர் சொன்னார் என்று முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆட்டுக்கு வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறோம், முதுகெலும்பை அழுத்திப் பார்க்கிறோம். அந்த ஜாக்கிரதை லட்சக்கணக்கான ரூபாய்க்குப் படகு வாங்கும்போது எங்கே போகிறது?

பாய்மரப் படகு வாங்குபவர்கள் நம் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பழைய ஃபைபர் வள்ளம் வாங்கும் மீனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவசரம் அவசரமாகப் பட்டறைகள் முளைத்து, அனுபவமில்லாத கைகள் செய்த வள்ளங்கள் பல கடலில் இறங்கின. அதற்குப் பிறகு வந்தவையும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. தூத்துக்குடிக்கு வடக்கே எனக்குத் தெரிந்த ஒருவர் கடன் வாங்கிப் பழைய வள்ளம் ஒன்றை வாங்கினார். மிதப்புக்காக உள்ளே அடைத்திருந்த தெர்மோகோல் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. எடை கூடியதால் மண்ணெண்ணெய்ச் செலவும் கூடி, ஒரு வருடம் உழைத்தது அதிலேயே போனது. வாங்குவதற்கு முன் இருக்கைப் பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டிருந்தால் தண்ணீர் தானே வெளியே வந்திருக்கும்.

பழசு என்பது குறையே இல்லை. 2022 செப்டம்பரில் கிளம்பிய கோல்டன் குளோப் பந்தயத்தில், 1988க்கு முந்தைய வடிவமைப்பில் அமைந்த 32 முதல் 36 அடிப் படகுகளுக்குத்தான் அனுமதி. ஒற்றை ஆளாக உலகைச் சுற்றும் அந்தப் பந்தயத்தில் 16 பேர் புறப்பட்டார்கள். ஜெயித்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் ஒரு பழைய படகை வாங்கி, கனடாவில் வைத்து அங்குலம் அங்குலமாகச் செப்பனிட்டுத்தான் கிளம்பினார். நம் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி 236 நாளில் கரை சேர்ந்து இரண்டாம் இடம் பெற்றார்.

"கரிசல்காட்டுக்காரனுக்குக் கடல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒட்டப்பிடாரத்தை ஞாபகப்படுத்துகிறேன். அங்கே பிறந்த வ.உ.சி.தான் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிற்காலத்தில் கோவில்பட்டியில்தான் வக்கீல் தொழிலும் பார்த்தார்.

புதுக் காத்தாடிகளைச் சோதித்துப் பார்க்கவே கயத்தாறில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. பழைய வள்ளம் வாங்கும் மீனவருக்காகத் தட்டிப் பார்த்துச் சொல்ல நியமித்த ஆளை நான் எந்த மீன்பிடிக் கரையிலும் கண்டதில்லை. ஆனால் அதற்கான கையும் காதும் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. கயத்தாறு, கங்கைகொண்டான், கோவில்பட்டிப் பக்கம் இறக்கை வேலை தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர், ஆடிக்காற்று வீசும் மாதங்களில் வேலையில்லாமல் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. அங்கே இவர்களுக்கு மூன்று மாதம் படகைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, படகு கட்டும் ஓடாவிமார்களையும் ஆசிரியராக உட்காரவைத்து, சான்றிதழும் ஆளுக்கொரு ஈரமானியும் கொடுத்தால் போதும். மீன்வளத்துறை இதைச் செய்ய வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், பழைய வள்ளத்துக்குக் கடன் கொடுக்கும் முன் இவர்களுடைய எழுத்துச் சான்றைக் கேட்க வேண்டும்.

அண்ணாச்சி அடுத்த வருடம் வேறொரு படகு வாங்கினார். மஞ்சள் பூத்துப்போன, பார்க்க லட்சணமில்லாத 34 அடிப் படகு. தட்டிய இடமெல்லாம் ணங் என்றது. நீங்களும் பழைய படகோ வள்ளமோ வாங்கப் போவதாக இருந்தால், முன்பணத்தை எடுப்பதற்கு முன் படகைக் கரையேற்றச் சொல்லுங்கள், தட்டத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கரையேற்ற மாட்டேன் என்று உடைமைக்காரர் சொன்னால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம்.