பேச்சிப்பாறை ஒருதரம், ரெண்டுதரம்...

போன ஞாயித்துக்கிழமை ஸ்டாம்பு சேகரிக்கிறவங்க கூட்டத்துக்குப் போயிருந்தேன். இருபது பேர். அதுல முடி கறுப்பா இருந்தது மூணே பேருக்கு, நான் உட்பட (எனக்கும் நடுவுல காலி, அது வேற கதை). டீ இடைவேளைல ஒரு பெரியவர் ஆரம்பிச்சார். "தம்பி, இந்த ஆன்லைன் ஏலம் வந்துச்சு, ஸ்டாம்பு கலெக்‌ஷனே செத்துப்போச்சு. எல்லாம் காசு, எல்லாம் போலி. நாங்கல்லாம் அந்தக் காலத்துல..." சுத்தி இருந்த தலைகள் எல்லாம் ஆடுச்சு. நான் வாயை மூடிக்கிட்டு மசால்வடை தின்னேன். வீட்டுக்கு வந்தும் ஆறலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க தாத்தா கதை. சுருக்கமா சொல்லிடறேன், ஓடிடாதீங்க.

தாத்தாவுக்கு நாகர்கோவில். அவர் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊரு திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்க தபாலுக்குப் பேரே அஞ்சல். தனி தபால் பெட்டி, தனி ஸ்டாம்பு, அதுல சங்கு முத்திரை. 1888-ல ஆரம்பிச்ச ஸ்டாம்பு அது. 1951-ல இந்தியத் தபால் துறையோட அஞ்சலைச் சேர்த்துட்டாங்க. 1939-ல மகாராஜாவோட 27-வது பிறந்தநாளுக்கு ஒரு வரிசை போட்டாங்க. அதுல 7 சக்கரம் ஸ்டாம்புல கன்னியாகுமரி, 14 சக்கரத்துல பேச்சிப்பாறை அணை. நம்ம ஊரு அணை ஸ்டாம்புல வந்திருக்கேன்னு தாத்தாவுக்கு அவ்வளவு பெருமை. பழைய கணக்கு நோட்டுல பக்கம் பக்கமா ஒட்டி வெச்சிருந்தார். ஒவ்வொரு ஸ்டாம்புக்குப் பின்னாடியும் பென்சில்ல சின்னதா ஒரு 'ந' எழுதுவார். அவர் பேரோட முதல் எழுத்து. ஸ்டாம்புக்குப் பின்னாடி எழுதினா மதிப்பு போயிடும்னு தெரிஞ்சவங்க தலைல அடிச்சுக்குவாங்க. அவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

1948 ஆகஸ்ட் 15-ல வந்த காந்தி வரிசையும் அந்த நோட்டுல இருந்துச்சு. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா மூணும் இருந்துச்சு. நாலாவது பத்து ரூபா. அந்தக் காலத்துல ஒரு ஸ்டாம்புக்குப் பத்து ரூபா கொடுக்க அவர் என்ன ஜமீன்தாரா, ஸ்கூல் கிளார்க்கு. அந்த இடத்துல பென்சில்ல ஒரு கட்டம் மட்டும் போட்டு வெச்சிருந்தார்.

தாத்தா 2004-ல போயிட்டார். 2006-ல பாட்டிக்குக் கண் ஆபரேஷன். வீட்டுல காசு இல்லை. அப்பா நோட்டை எடுத்துட்டு ஒரு ஸ்டாம்பு வியாபாரிகிட்ட போனார், என்னையும் கூட்டிக்கிட்டு. ஒன்பது வயசு எனக்கு. அந்த ஆளு ரெண்டு நிமிஷம் புரட்டினார். "எல்லாம் குப்பை சார், பென்சில்ல வேற எழுதி நாசம் பண்ணி வெச்சிருக்கு. பெரியவர் முகத்துக்காக ஆயிரத்து எண்ணூறு தரேன்." அப்பா வாங்கிக்கிட்டார். கும்பிடு போட்டுட்டு வந்தார்.

இப்ப அந்தப் பெரியவருக்கு என் கேள்வி. அன்னைக்கு அந்த நோட்டோட உண்மையான விலை என்னன்னு எங்கப்பா எங்க போய்க் கேட்டிருக்கணும்? ஊர்ல ரெண்டு வியாபாரி, ரெண்டு பேரும் சினேகிதங்க. கேட்டலாக் பார்க்கலாம்தான். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக் 1865-ல இருந்து வருது. ஆனா அதுல இருக்கிறது கடைக்காரர் நமக்கு விக்கிற விலை. நாம அவருக்கு விக்கப்போனா கிடைக்கிற விலை இல்லை. ஒரு ஸ்டாம்பை நிஜமா ஒருத்தன் காசு கொடுத்து என்ன விலைக்கு வாங்கினான்ங்கிற விஷயம் சாதாரண ஆளுக்குத் தெரிஞ்சது ஏலத் தளங்கள் வந்தப்புறம்தான். முடிஞ்ச ஏலங்கள்னு ஒரு பட்டனைத் தட்டினா வந்து நிக்குது. எங்கப்பாவுக்கு அந்த ஒரு பட்டன் இருந்திருந்தா போதும். ஈபே 1995-லயே வந்தாச்சு, இந்தியாவுல 2004-ல பாஸியை வாங்கி உள்ள வந்தாங்க. நாகர்கோவில்ல எங்க வீட்டுக்கு அதெல்லாம் வந்து சேரலை, அவ்வளவுதான்.

பெரியவருக்குக் கோபம் ஏன்னு எனக்குப் புரியுது. எழுபது எண்பதுகள்ல வந்த முதல் நாள் உறைகளைக் கட்டுக் கட்டா வெச்சிருக்கார். பேரன் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்னு நம்பிட்டார். இப்ப தளத்துல பார்த்தா கேட்க ஆளில்லை. ஆனா அந்த விலையைத் தளம் இறக்கலைங்க. லட்சக்கணக்குல அச்சடிச்சு, வாங்கினவன் எல்லாம் பத்திரமா பீரோவுல பூட்டி வெச்ச ஒரு பொருளுக்கு எப்பவுமே அதான் விலை. முன்னாடி யாரும் வெளில சொல்லலை. கண்ணாடில மூஞ்சி நல்லா இல்லைன்னு கண்ணாடியை உடைச்சா எப்படி?

அடுத்தது, ஏலம்ங்கிறதே நம்ம பொழப்புக்கு அந்நியம்னு ஒரு பேச்சு. சிரிப்பா வருது. லக்கிங்-ரெய்லின்னு ஒரு பொருளாதார ஆசாமி 2000-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஈபேல இருக்கிற முறை தெரியுமில்லையா, நம்ம உச்ச தொகையை மெஷின்கிட்ட சொல்லி வெச்சுடுவோம், ஜெயிச்சா ரெண்டாவது ஆளோட தொகைக்கு மேல ஒரு சின்னப் படி சேர்த்துக் கட்டினா போதும். இதுக்கு வேர் எங்கன்னு தேடிட்டுப் போனா மனுஷன் போய் நின்ன இடம் 1893, மாசசூசெட்ஸ், நார்தாம்ப்டன். ஸ்டாம்பு ஏலம்! ஊர் ஊரா இருக்கிற சேகரிப்பாளர்கள் தபால்ல தொகையை எழுதி அனுப்ப, ரெண்டாவது தொகைக்கு மேல ஒரு படி வெச்சு முடிச்சிருக்காங்க. இதே முறையை வில்லியம் விக்ரே 1961-ல கணக்கு போட்டு விளக்கி, அதையெல்லாம் சேர்த்து 1996-ல நோபல் வாங்கினார் (பரிசு அறிவிச்ச மூணாம் நாள் பாவம் செத்துப்போயிட்டார்). அதாவது ஆன்லைன் ஏலம் நம்ம வீட்டுப் புள்ள. ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கு, நாம யாருடா நீன்னு கேட்கறோம்.

சரி, போலி. இதுல நான் வாயைத் திறக்க யோக்கியதை உள்ள ஆள். 2019-ல முதல் போனஸ் வந்த சூட்டோட, தாத்தா போட்ட காலிக் கட்டம் ஞாபகம் வந்து, ஒரு தளத்துல பத்து ரூபா காந்தி வாங்கினேன். 4,200 ரூபா. அந்த விலைக்குக் கிடைக்கும்போதே மணி அடிச்சிருக்கணும், அடிக்கலை. வந்ததும் லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். அசல் ஸ்விட்சர்லாந்துல கூர்வாசியே அச்சகத்துல ஃபோட்டோகிராவூர்ல அடிச்சது. என் கைல இருந்ததுல கலர் கலரா புள்ளிக்கோலம். துளை அளவு பார்த்தா பதினொன்றரைக்குப் பக்கத்துல கூட இல்லை. எவனோ ஸ்கேன் பண்ணி பிரிண்டர்ல அடிச்சிருக்கான். வித்தவன் பதிலே போடலை. தளம் முப்பது நாள் தாண்டிடுச்சுன்னு கையை விரிச்சுது. அந்த ஸ்டாம்பு இன்னும் என் பர்ஸுலதான் இருக்கு, எனக்கே ஒரு பாடமா.

ஆனா போலியை இணையமா கண்டுபிடிச்சுது? ஜெனிவாவுல ஃபூர்னியே போலிக்குன்னே விலைப்பட்டியல் போட்டு வித்தவர். பிரான்ஸ்ல ஸ்பெராட்டி நிபுணர்களையே ஏமாத்தினார். அவர் சரக்கு இனிமே சந்தைக்கு வரவே கூடாதுன்னு பிரிட்டிஷ் சங்கம் ஐம்பதுகள்ல மொத்தமா வாங்கிடுச்சு. ஏலக் கூடத்துல உட்கார்ந்து நேர்ல ஏலம் எடுத்தா யோக்கியம்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. நியூயார்க்ல ஸ்டாம்பு வியாபாரிகள் சேர்ந்து கூட்டணி போட்டு, ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்துக் கேட்காம விலையை அமுக்கினாங்கன்னு அரசாங்கமே கேஸ் போட்டுது. 2002-ல அதுல கோர்ட்டு உத்தரவே இருக்கு. அதெல்லாம் கோட்டு சூட்டு போட்டு நடந்த ஏலம்.

இதுல முக்கியமா ஒண்ணைச் சொல்லணும். தளத்துல விக்கிற ஒவ்வொண்ணுக்கும் படம் நிக்குது. கிழிசலை ஒட்டி, துளை போட்டு, பசை தடவி அடுத்த மாசம் 'மின்ட்'னு அதே ஸ்டாம்பு திரும்ப வந்தா, பழைய படத்தையும் புதுசையும் பக்கத்துல வெச்சு, துளைப் பல்லு ஒவ்வொண்ணா எண்ணிப் பிடிக்கிற சேகரிப்பாளர்கள் இருக்காங்க. மூடின கடைக்குள்ள நடந்திருந்தா ஒரு ஜென்மத்துக்கும் தெரியாது.

கடைசி அஞ்சு செகண்டுல வந்து தூக்கிட்டுப் போறவன் மேலயும் எல்லாருக்கும் கடுப்பு. உச்ச தொகையை முன்னாடியே ஒழுங்கா போட்டிருந்தா அவன் என்ன பண்ணப்போறான்? ராத்து, ஓக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பேர் 2002-லயே காட்டிட்டாங்க. யாராவது கேட்டா நேரம் தானா நீளும்னு வெச்சிருந்த அமேசான் ஏலத்துல இந்தக் கடைசி நிமிஷக் கூத்து ரொம்பக் கம்மி. முடியிற நேரத்தைக் கல்லுல அடிச்சு வெச்ச ஈபேலதான் ஜாஸ்தி. மனுஷன் குணம் இல்லைங்க, கோடு. இது நம்ம ஏரியா. ரெண்டு வரில சரி பண்ணலாம். பண்ண மாட்டாங்க.

இங்கதான் நான் தளங்களோட சண்டைக்கு நிக்கிறேன். போலி வித்தாலும் கமிஷன், அசல் வித்தாலும் கமிஷன். தபால் துறையே இல்லாத இடத்துப் பேர்ல அடிச்ச கலர் காகிதத்தை ஸ்டாம்புன்னு கட்டுக்கட்டா விக்கிறாங்க, உலகத் தபால் ஒன்றியம் சுற்றறிக்கை போட்டு மாயுது. ஸ்டாம்பு தெரிஞ்ச பத்து பேரைச் சம்பளத்துக்கு வெச்சு வடிகட்ட எவ்வளவு செலவாகிடும்? அந்தக் கோபம் நியாயம். பெரியவர் அந்தக் கோபத்தைப் பட்டிருந்தா நானும் கூட ஆடியிருப்பேன்.

இன்னொரு குத்தமும் உண்டு, அதைப் பெரியவர் சொல்லவே இல்லை. நாப்பது வருஷம் ஒருத்தர் அடுக்கி வெச்ச ஆல்பத்தை முழுசா வித்தா ஒரு விலை, பிச்சு இருநூறு துண்டா வித்தா மூணு மடங்கு. அதனால பிய்க்கிறாங்க. எது பக்கத்துல எது இருந்துச்சு, ஏன் அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு, எல்லாம் போச்சு. கடைக்காரங்களும் பிச்சாங்கதான், ஆனா இவ்வளவு வேகமா இல்லை. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

லாபமும் அதே வாசல்லதான் வந்துச்சு. சென்னைல நாலஞ்சு வியாபாரிகிட்ட வருஷக்கணக்கா கேட்டும் கிடைக்காத 14 சக்கரம் பேச்சிப்பாறை, 2020-ல இங்கிலாந்துல ஒரு பாட்டி வித்த கதம்பக் கட்டுல கிடைச்சுது. கொரோனா காலம், கவர் வந்து சேர மூணு மாசம். தபால்காரர் கேட்டுக்கு வெளியவே நின்னு நீட்டினார். அப்பாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். "டேய், அணைக்கு அந்தப் பக்கந்தாண்டா உங்க பாட்டி ஊரு"ன்னார். அந்த ஆயிரத்து எண்ணூறைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை.

முதல் வேலையா ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தேன். 'ந' இல்லை.

இப்பவும் ரெண்டு மூணு தளத்துல திருவிதாங்கூர் 1939-ன்னு தேடலைச் சேமிச்சு வெச்சிருக்கேன். புதுசா வந்தா மெயில் வரும். பின்பக்கப் படம் போடாதவங்களுக்கு ஒரு படம் அனுப்புங்கன்னு எழுதுவேன். பாதிப் பேர் அனுப்பறாங்க, பாதிப் பேர் பைத்தியம்னு நினைக்கிறாங்க. இந்த வாரம் நாலு வந்துச்சு. மூணு சுத்தம். நாலாவது ஆளு இன்னும் பதில் போடலை, ஏலம் வியாழக்கிழமை ராத்திரி முடியுது.

டிஸ்கி: பெரியவரே, யாராவது சொல்லி இதைப் படிச்சீங்கன்னா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க. அடுத்த கூட்டத்துல மசால்வடை என் செலவு.