புறக்கடைப் பண்ணை: பெட்டியில் பொரிக்கும் வான்கோழி



புறக்கடையில் நாலு கோழி, இரண்டு வாத்து வளர்ப்பது நம் தோட்டத்து மக்களுக்குப் பழகிய காரியம். செர்டாங், கூலிம் பக்கமுள்ள சில சகோதரிகளுக்கு இப்போது வான்கோழி மேலும் ஆசை வந்திருக்கிறது. மலாய்க்காரர்கள் இதை 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக் கோழி என்கிறார்கள். உண்மையில் இதன் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம்.

காசு கொடுத்து ஒரு டஜன் முட்டை வாங்கி, குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தால் இரண்டோ மூன்றோதான் தேறுகின்றன என்பது பலருடைய குறை. கோழி முட்டைக்குச் செய்வதையே இதற்கும் செய்வதுதான் காரணம். பெட்டி சூட்டை மட்டுமே கொடுக்கும். தாய்க்கோழி செய்கிற மற்ற வேலைகளையெல்லாம் நாம்தான் செய்யவேண்டும்.

முதலில் நாள் கணக்கு. கோழிக்கு 21 நாள், வான்கோழிக்கு 28 நாள். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த முட்டையை வைக்காதீர்கள். விசிறி உள்ள பெட்டியானால் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். விசிறி இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 டிகிரி காட்டவேண்டும்.

அடுத்தது திருப்புதல். தாய் தன் அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். அப்படிப் புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். 25ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

ஈரப்பதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "நம் ஊர்க் காற்றே ஈரக்காற்றுதானே?" என்று கேட்பீர்கள். அந்தக் காற்று பெட்டிக்குள் போய்ச் சூடானதும் காய்ந்துவிடும். ஆகவே உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வேண்டும். முதல் 25 நாள் 55 முதல் 60 விழுக்காடும், கடைசி மூன்று நாள் 70 விழுக்காடும் போதும். அந்த மூன்று நாளும் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஈரம் போனால் ஓட்டின் உள்தோல் இறுகி, குஞ்சு வெளியே வர முடியாமல் செத்துவிடும். காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்கவே கூடாது.

பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்நூலாக நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாகக் கிடந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

இவ்வளவும் செய்து குஞ்சு வந்தபின்தான் பெரிய ஆபத்து. கோழிக்குஞ்சு பிறந்ததும் தானே கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சுக்கு அது சுலபத்தில் வராது. தாய் காட்டிக்கொடுக்க வேண்டும். பெட்டியில் பிறந்ததற்கு யார் காட்டுவது? தீனி பக்கத்தில் இருக்க, பட்டினியால் சாகும்.

தமிழ்நாட்டில், சென்னை நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்கச் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து 'நந்தனம் வான்கோழி-1' என்ற இனத்தை உருவாக்கியது. அங்கே பண்ணையாளர்களுக்குச் சொல்லித்தரும் முறை நமக்கும் பொருந்தும். முதல் பதினைந்து நாள், பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் பொடியாக்கிக் கொடுக்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி லிட்டர் பால் கலந்து வைக்கவேண்டும். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டால், அந்தப் பளபளப்பைக் கொத்தப்போய்க் குஞ்சு குடிக்கப் பழகும். பச்சை நிறமென்றால் அதற்கு ஆசை. கீரையைப் பொடியாக அரிந்து தீனியில் தூவுங்கள். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரியாகக் குறைக்கலாம்.

இன்னொன்று, கோழிகளோடு சேர்த்து அடைக்காதீர்கள். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கருந்தலை நோய் கோழியை அதிகம் வாட்டாது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

வீட்டில் பொறுமையாக உட்கார ஓர் ஆள் இருந்தால், அந்த முதல் பத்து நாள் குஞ்சுகளின் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு ஏற்ற வேலை இது!