உண்டியலும் உரிமையும்

2018-ம் வருஷம் ஜூன் 26. ஜெர்மனியின் கிழக்கு மூலையில், போலந்து எல்லைக்கு அருகிலுள்ள கோட்புஸ் நகரம். அங்குள்ள சிமெண்டுப் பந்தயத் தளத்தில் சைக்கிள் வீரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்டினா ஃபோகல் என்ற வீராங்கனை மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தார். அதே தளத்தில், நின்ற நிலையிலிருந்து புறப்படும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த ஒரு டச்சு இளைஞர் மீது மோதினார். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. முதுகெலும்பு முறிந்தது, தண்டுவடம் அறுந்தது. 27 வயதான அந்தப் பெண்ணின் உடல் மார்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று.

ஃபோகல் சாமானியமான வீராங்கனை அல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், உலகப் போட்டிகளில் 11 பட்டங்கள் பெற்றவர். அதற்கு முன்பே, 2009-ல், சாலையில் பயிற்சி செய்யும்போது ஒரு வேன் மோதி இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்தவர். அந்த மரணப் படுக்கையிலிருந்து எழுந்து வந்துதான் இத்தனை பதக்கங்களையும் வென்றார். ஆனால் கோட்புஸ் விபத்துக்குப் பிறகு எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்போது அவருடைய கூட்டாளிகள் என்ன செய்தார்கள்? நாம் இங்கே சொல்ல வந்த விஷயமே அதுதான்.

அவருடன் அதே தளத்தில் பயிற்சி செய்தவர்கள், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற மாக்ஸிமிலியன் லெவி போன்றவர்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நிதி வசூலில் இறங்கினார்கள். "கிறிஸ்டினா, உறுதியோடு இரு" என்பது அவர்களுடைய கோஷம். இணையத்தின் மூலம் அந்தக் கோஷம் நாடு நாடாகப் பரவியது. பந்தயத்தில் அவரை எதிர்த்து ஓட்டியவர்களும் பணம் அனுப்பினார்கள். அவரை ஒரு நாளும் நேரில் பார்த்திராதவர்களும் அனுப்பினார்கள். வசூல் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியது.

பந்தயம் என்றால் போட்டி. ஒருவன் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவன் தோற்றே ஆக வேண்டும். "மனிதன் இயல்பிலேயே சுயநலக்காரன், ஒருவரை ஒருவர் தள்ளி முன்னேறுவதுதான் இயற்கை" என்று நமக்கு ஓயாமல் உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்காக மோதிக்கொள்கிறவர்கள், ஒருவர் கீழே விழுந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். மனிதனின் இயல்பு எது என்பதை விழுந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

இந்த வீராங்கனை நமது அரசியலைச் சேர்ந்தவர் அல்ல என்று யாராவது சொல்லக்கூடும். சேர்ந்தவர் அல்லதான். அவர் ஜெர்மன் மத்தியப் போலீசில் உத்தியோகம் பார்த்தவர். விபத்துக்கு அடுத்த வருஷமே, 2019-ல், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பட்டியலில் நின்று எர்பர்ட் நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதனால் என்ன? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பொது வாழ்க்கையில் இறங்கிய அந்தத் துணிச்சலைப் பாராட்டுகிறோம். விழுந்தவருக்குக் கை கொடுக்கும்போது கட்சிக் கார்டைக் கேட்பது உழைப்பாளி மக்களின் வழக்கமல்ல.

ஆகவே, வசூல் செய்தவர்களை மனதார வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள நமது மனம் ஒப்பவில்லை. ஒரு கேள்வி உறுத்துகிறது.

விழுந்தவர் ஒலிம்பிக் வீராங்கனையாக இல்லாமல் இருந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கத்தோடு சைக்கிள் விடுகிற ஒரு தச்சுத் தொழிலாளி, பெயர் பத்திரிகையில் வராதவர், பதக்கம் இல்லாதவர். வளைவில் லாரி தட்டிவிட்டது. தண்டுவடம் அறுந்தால் அவருக்கும் அதே கதிதான். அதே சக்கர நாற்காலி வேண்டும். வீட்டு வாசற்படியை இடித்துச் சரிவுப் பாதை போட வேண்டும். குளியலறைக் கதவை அகலப்படுத்த வேண்டும். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கூலி நின்றுவிடும், வாடகை நிற்காது. எலும்புக்குப் பணக்காரன், ஏழை தெரியாது. பிரபலமானவன், பிரபலமாகாதவன் தெரியாது. ஆனால் உண்டியலுக்குத் தெரியும். உண்டியல் முகத்தைப் பார்த்து நிறைகிறது. புகழ் இருக்கிற இடத்துக்குப் பணம் ஓடுகிறது. தேவை இருக்கிற இடத்துக்கு அது தானாக ஓடுவதில்லை.

இது உண்டியல் எடுத்தவர்களின் குற்றமல்ல. உண்டியல் என்ற முறையின் குறைபாடு. இதை அதே ஜெர்மனியின் தொழிலாளிகள் நூறு வருஷங்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டார்கள். அந்தச் சரித்திரம் இன்றைய சைக்கிள் சங்கங்களுக்குப் பாடமாக இருக்கக்கூடியது.

1884-ல் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்கின் சர்க்கார் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கையில் சோஷலிஸ்டுகளைத் தடை செய்யும் சட்டம். மறு கையில் தொழிலாளிக்கு இந்தச் சலுகை! வளர்ந்துவரும் தொழிலாளி இயக்கத்தைக் கண்டு மிரண்டு கொடுத்த சலுகை அது. ஆலையில் வேலை செய்யும்போது அடிபட்டால் உதவி உண்டு. அதற்கான பணத்தை முதலாளிகள் கட்ட வேண்டும். நல்லது. ஆனால் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டிலிருந்து ஆலைக்கு சைக்கிளில் போகிற வழியில் விழுந்தால்? சட்டத்துக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கிராமத்துக்குப் போய்வரும்போது விழுந்தால்? அதுவும் தெரியாது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1896-ல், தோல் வேலைக்குப் பேர்போன ஆஃபன்பாக் நகரத்தில், தொழிலாளர் சைக்கிள் சம்மேளனம் உருவாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயரே "ஒருமைப்பாடு" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் உறுப்பினர்கள் துண்டுப் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். வர்க்கப் போராட்டத்தின் சிவப்புக் குதிரைப் படை என்று அவர்களுக்குப் பட்டப்பெயரும் கிடைத்தது.

ஆனால் இந்தச் சம்மேளனம் ஊர்வலத்தோடு நின்றுவிடவில்லை. உறுப்பினர் கட்டும் சந்தாவைக் கொண்டே விபத்து உதவி அளித்தது. வழக்கு வந்தால் சட்ட உதவி செய்தது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை கொடுத்தது. ஆஃபன்பாக்கில் கூட்டுறவு முறையில் சைக்கிள் வியாபாரமும் பின்னர் தொழிற்சாலையும் நடத்தியது. 1920-களின் கடைசியில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் ஸ்தாபனமாக அது விளங்கிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தா கட்டியவனுக்கு உதவி உரிமையாகக் கிடைத்தது. அவன் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தனது துயரத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. "இவன் உதவிக்குத் தகுதியானவன்தானா?" என்று யாரும் எடைபோட வேண்டியதில்லை. அவன் உறுப்பினன், விழுந்துவிட்டான், அது போதும்.

இன்னொன்றும் உண்டு. தங்களுக்குள் நிதி சேர்த்துக்கொண்டோம் என்று ஜெர்மன் தொழிலாளி வர்க்கம் சர்க்காரை விட்டுவிடவில்லை. 1925-ல் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் இன்ஷூரன்ஸில் சேர்க்கப்பட்டது. ஆலை வாசலில் நின்ற சட்டத்தைத் தொழிலாளியின் வீட்டு வாசல் வரை கொண்டுவர 41 வருஷம் பிடித்தது!

1933-ல் ஹிட்லர் வந்தான். பாசிஸ்டுகள் சம்மேளனத்தைத் தடை செய்து சொத்துக்களைப் பறித்தார்கள். சைக்கிள் விடுகிறவர்களைக் கண்டு அவர்களுக்கு என்ன பயம்? சைக்கிளைக் கண்டு பயமில்லை. அந்தப் பெயரைக் கண்டு பயம். ஒருவனுக்கொருவன் துணை நிற்கப் பழகிவிட்ட ஜனங்களை மிரட்டுவது கடினம். யுத்தத்துக்குப் பிறகு சம்மேளனம் மீண்டும் எழுந்தது. "ஒருமைப்பாடு" என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.

நமது வாதத்துக்கு ஆட்சேபணைகள் வரலாம். அவற்றையும் பார்ப்போம்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருக்கும்போது சங்கத்துக்கு ஏன் இந்த வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். கம்பெனி பணம் தரலாம். தராமல் இழுத்தடிக்கவும் செய்யலாம். அப்போது வழக்காட உடன் வருவது யார்? ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பது யார்? கம்பெனிக்கு விழுந்தவன் ஒரு பாலிசி நம்பர். சங்கத்துக்கு அவன் நேற்று வரை பக்கத்தில் சைக்கிள் விட்டவன்.

"அன்பினால் செய்வதைச் சட்டதிட்டம் ஆக்கினால் அன்பு செத்துவிடும்" என்று இன்னொருவர் சொல்லலாம். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். ரசீதுப் புத்தகத்தை நீட்டிவிட்டு முகம் பார்க்காமல் போகிற சங்கம் சங்கமல்ல. ஆனால் விபத்து நடந்த முதல் வாரத்தில் பொங்குகிற அன்பு மூன்றாவது வருஷத்தில் எங்கே இருக்கும்? தண்டுவடம் அறுந்தவருக்கு மூன்றாவது வருஷமும் உண்டு; முப்பதாவது வருஷமும் உண்டு. அன்பைக் கொல்வதற்காக விதி எழுதச் சொல்லவில்லை. அன்பு களைத்துப்போகும் நாளிலும் உதவி தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

"இதெல்லாம் சர்க்காரின் கடமை அல்லவா?" என்பது மூன்றாவது ஆட்சேபணை. ஆம், சர்க்காரின் கடமைதான். வைத்தியமும் வாழ்க்கை உதவியும் ஒவ்வொருவருக்கும் சர்க்கார் செய்தே தீர வேண்டும். உண்டியல் நிறைந்துவிட்டது என்று காட்டி எந்த சர்க்காரும், பந்தயத்தை நடத்தும் எந்த ஸ்தாபனமும், வண்டியால் மோதிய எவனும் தன் பொறுப்பிலிருந்து நழுவ அனுமதிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கடமையைக் கேட்டு வாங்கவும் கூட்டமாக நிற்கும் ஜனங்கள் வேண்டும். சங்கம் இல்லாதவன் மனு எழுதிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறான்.

ஆகவே, சைக்கிள் சங்கம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்வது இதுதான். யாராவது விழும் வரை காத்திருக்காதீர்கள். இன்றே சந்தாவில் ஒரு பங்கை விபத்து நிதியாக ஒதுக்குங்கள். கணக்கை எல்லோர் முன்னும் வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு யார் ஓடுவது, வீட்டாருக்கு யார் சொல்வது, வக்கீலை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முக்கியமாக, விழுந்தவரின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். இனி அவரால் சைக்கிள் விட முடியாமல் போகலாம். இளைஞர்களுக்குப் பயிற்சி தரலாம், கணக்கைப் பார்க்கலாம், கூட்டத்துக்குத் தலைமை வகிக்கலாம். அனுதாபத்தைவிட அவருக்கு அதிகம் தேவைப்படுவது ஒரு வேலையும் ஒரு இடமும்தான்.

கோட்புஸ் தளத்தில் விழுந்த வீராங்கனைக்காக உலகமே உண்டியலில் காசு போட்டது. அது மனித குலத்துக்குப் பெருமை. பெயர் தெரியாத தச்சுத் தொழிலாளி விழும்போதும் அதே கைகள் தயாராக இருக்க வேண்டும். அந்த நாளில்தான் அந்தப் பெருமை முழுமை பெறும்.