நமக்குக் கேட்காத நிலையங்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் வானொலிப் பெட்டிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து, கவிதையை வாய்விட்டுப் படித்துப் பிறரைக் கேட்கச் செய்தவர். கேட்டலைப் பற்றிய ஒரு கருத்தை அந்த ஊரை முன்வைத்துச் சொல்வது பொருந்தும் என்றே கருதுகிறோம்.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் டி.என்.சி. என்று அழைக்கும் சிறு பெட்டி, கணினிக்கும் வானொலிக்கும் நடுவே அமர்வது. எழுத்தைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு ஒலிகளாக்கி அனுப்பும். வந்த ஒலியை மீண்டும் எழுத்தாக்கும். 1978இல் மொன்றியலில் அமெச்சூர்கள் தொடங்கிவைத்த இம்முறை, 1985இல் வந்த டி.என்.சி.-2 கருவிக்குப் பின் உலகெங்கும் பரவியது. வேகம் நொடிக்கு 1200 பிட்தான். இன்றைய கைப்பேசியுடன் ஒப்பிட்டால் நத்தை.

நாம் இங்கே பேச விரும்புவது அதன் கண்காணிப்பு நிலையைப் பற்றி. அதை இயக்கிவிட்டால், நமக்கென்று வராத பொட்டலங்களும் திரையில் ஓடும். ‘எம்ஹெர்ட்’ என்று கட்டளையிட்டால் அண்மையில் கேட்ட நிலையங்களின் பட்டியல் வரும். இடைநிலையம் ஒன்று வாங்கித் திருப்பி ஒலிபரப்பிய செய்தி என்றால், அந்நிலையத்தின் பெயருக்கு அருகே ஓர் உடுக்குறி நிற்கும். சிதைந்து வந்த பொட்டலத்தைப் பெட்டி பொதுவாகத் திரையில் காட்டுவதில்லை. ஆனால் முன்பக்கத்து விளக்கு மட்டும் எரிந்து அணையும். யாரோ பேசினார், நம்மால் வாசிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். திரையை மட்டும் பார்த்திருப்பவர் அலைவரிசை காலி என்றே எண்ணுவார்.

பேசுவதற்குமுன் கேட்பது இப்பெட்டியின் இயல்பு. அலைவரிசை அடங்கும்வரை காத்திருக்கும். அடங்கிய பின்னும் உடனே பாய்வதில்லை. வழக்கமான அமைப்பில், பத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை பகடை உருட்டுவதுபோல், நான்கில் ஒரு வாய்ப்பு விழுந்தால்தான் பேசும்.

இத்தனை மரியாதையும் தோற்கும் இடம் மலை. அமெச்சூர்கள் பயன்படுத்தும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. குற்றாலத்தில் ஒரு நிலையம், மலைக்கு அப்பால் தென்மலையில் மற்றொன்று, உச்சியில் ஓர் இடைநிலையம் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள இரண்டும் ஒன்றையொன்று கேட்க இயலாது. ஒன்று பேசும்போதே மற்றொன்றும் அமைதி நிலவுவதாக நம்பிப் பேசத் தொடங்கும். உச்சியில் இரண்டும் மோதிச் சிதையும். அடிவாரத்தில் கேட்ட அமைதி உண்மையான அமைதியன்று.

அருவிக்கரையிலும் இதுவே நிகழ்கிறது. காட்டுக்குள் பெய்யும் மழை, கீழே குளித்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. கீழே நின்று நீரின் நிறத்தைப் பார்த்து எச்சரிப்பது போதாது. மேலே கேட்கும் செவி ஒன்று வேண்டும். நீர்மட்டம் இவ்வளவு என்று சொல்ல ஒரு வரி போதும். அதற்கு 1200 பிட் வேகம் தாராளம்.

கைப்பேசி இருக்க இது எதற்கு என்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளை நினைவுகூர்வோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்தி கடத்தினார்கள். அலைவரிசையோடு முன்பே பழகியிருந்ததால் அது கைகூடியது.

வெள்ள எச்சரிக்கை அரசின் கடமை. அமெச்சூர்கள் அதன் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்கப் பழகியவர்கள் ஊரில் இருந்தால், வேறு வழிகள் அடைபடும் நாளில் உதவுவார்கள். தென்காசி, 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். அங்குள்ள கல்லூரிகள் ஆளுக்கொரு நிலையம் அமைத்து, மாணவர்களை அமெச்சூர் உரிமத் தேர்வு எழுதவைக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பொட்டல அமைப்பு இயங்கும் நாட்களில், 145.825 மெகாஹெர்ட்ஸில் அதைக் கேட்டே பயிற்சியைத் தொடங்கலாம். பல நாள் திரை வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையைச் சலிக்காமல் பார்த்திருந்து, விளக்கு எரிவதையும் கவனிக்கக் கற்றவர் ஊருக்கு நான்கு பேராவது வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.