கணக்கு எழுதுபவருக்கும் சம்பளம் வேண்டும்

கொரோனாவின் துயரம் அடங்காத 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகி, மூன்றே நாட்களில் மாநிலங்களவையையும் தாண்டியது. செப்டம்பர் 29 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடையில் பாதி வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம் என்றிருந்த வரம்பு 20 சதவீதமாகச் சுருங்கியது. இந்த வரம்பைத் தளர்த்த வேண்டும். தொண்டு என்றால் ஆளும் அலுவலகமும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று நினைக்கும் உள்நாட்டு நன்கொடையாளர்களும் மாறியாக வேண்டும்.

மருத்துவர், ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்கின்றன விதிகள். அது நியாயம். ஆனால் அலுவலக வாடகை, மின்கட்டணம், தொலைபேசி, கணக்கு எழுதுபவரின் சம்பளம் எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. அதே சட்டம்தான் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில் தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறது. தணிக்கை செய்த ஆண்டறிக்கை கேட்கிறது. வேலையைக் கூட்டிவிட்டு, அதைச் செய்யும் ஆளுக்கான பணத்தைக் குறைப்பது என்ன நிர்வாகம்?

இன்னொரு அடியும் விழுந்தது. பெரிய அமைப்பு தான் பெறும் வெளிநாட்டு நிதியைக் கிராமத்துச் சிறு அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதை இந்தத் திருத்தம் முற்றிலும் தடை செய்தது. இனி சிறு அமைப்பு தானே பதிவுபெற வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பழங்குடிக் கிராமத்தில் மாலைநேர வகுப்பு நடத்தும் நான்கு பேர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்?

உள்நாட்டு நிதியின் நிலையும் மெச்சும்படி இல்லை. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். இதில் நிர்வாகத்துக்கு 5 சதவீதம் என்ற உச்சவரம்பு, கொடுக்கும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கு மட்டுமே உரியது. மத்திய நிறுவன விவகார அமைச்சகமே 2021-ல் அப்படி விளக்கமளித்தது. ஆனாலும் அதையே பெறுபவர் தலையிலும் கட்டும் பழக்கம் போகவில்லை. மடிக்கணினி வாங்கப் பணம் உண்டு. அது பழுதானால் பார்க்கும் ஆளுக்குப் பணம் இல்லை.

நம் ஊர்க் கோயில்களிலும் அரசுப் பள்ளிகளிலும் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்கும். அந்த விசிறி ஓடும் மின்கட்டணத்துக்கு உபயதாரர் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொடுப்பதில் உள்ள மனநிறைவு இயல்பானது, அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கோடிகளைக் கையாளும் ஒரு நிறுவனம் அந்த மனநிலையிலேயே நின்றுவிடக் கூடாது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பலரிடமும் நிதி திரட்டி எழுப்பிய நிறுவனம் அது. அங்கிருந்து நடக்கும் ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்ற பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கிறார்கள். ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிக் குறிப்பெடுக்கிறார்கள், இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். சென்னையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் கூடிவருவது இந்தப் பதிவேட்டால் தெரியவந்தது. அரசு ஆராய்ச்சி நிதி இல்லாவிட்டால், இப்படி மேசையில் குனிந்து எழுதும் வேலைக்கு எந்த உபயதாரர் முன்வருவார்?

அமெரிக்காவில் நிர்வாகச் செலவு விகிதத்தை வைத்தே தொண்டு நிறுவனங்களை எடைபோட்ட காலம் உண்டு. 2013-ல் அங்குள்ள மூன்று முக்கிய மதிப்பீட்டு அமைப்புகளே, அந்த ஒரு விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. அமெரிக்கப் பெரும் நன்கொடையாளர் மக்கென்சி ஸ்காட் 2021 ஜூனில் 286 அமைப்புகளுக்கு 274 கோடி டாலர் கொடுத்தபோது, அதை எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். பெற்ற அமைப்புகளில் நம் நாட்டுத் தொண்டு நிறுவனமான கூஞ்சும் ஒன்று.

வரம்பைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்ற கவலை பொய்யானதல்ல. ஏழைகளின் பெயரில் வாங்கிய பணத்தில் கார் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் திருட நினைப்பவர் காரையும் 'களப்பணி வாகனம்' என்று எழுதிவிடுவார். விகிதம் அவரைப் பிடிக்காது. ஒழுங்காகக் கணக்கு எழுதுபவரையே பிடிக்கும். பிடிக்கும் வழி வேறு இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு 1994 முதல் ஊர் கூடிய இடத்தில் அரசுச் செலவுக் கணக்கை உரக்க வாசித்தது. யாருக்குக் கூலி கொடுத்ததாக எழுதியிருந்ததோ, அவரே அங்கு எழுந்து நின்று உண்மையைச் சொன்னார். அரசிடம் கேட்ட அதே வெளிப்படைத்தன்மையைத் தொண்டு நிறுவனங்களும் ஏற்க வேண்டும். தணிக்கை அறிக்கையை எளிய தமிழில் எழுதி, பணி நடக்கும் ஊரின் கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கட்டும்.

அதைச் செய்யும் அமைப்புகளுக்கு வெளிநாட்டு நிதியில் பழைய 50 சதவீத வரம்பைத் திருப்பித்தர மத்திய அரசு முன்வர வேண்டும். பெருநிறுவனங்கள் காத்திருக்கத் தேவையே இல்லை. மார்ச் 31-க்குள் பணத்தைத் தீர்க்க அவசரமாகப் பொருள் வாங்கித் தருவதை விட்டு, மூன்று ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் போடலாம். கணக்காளர், களப்பணி மேற்பார்வையாளர், அலுவலக வாடகை ஆகியவற்றை அதில் தனி வரிகளாகவே எழுதலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.