மார்பகக் கட்டி: மறைப்பது ஹயா அல்ல

 

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன் என் தம்பியின் மகள் என்னைத் தனியே அழைத்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், அதை அறிந்து ஏழு மாதங்கள் ஆகிவிட்டதாகவும் கூறினாள். "மாமி, உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பெண் கேட்டு வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆவது?" என்று அழுதாள். புற்றுநோய் என்றே முடிவு செய்துகொண்டு, இரவுத் தொழுகைகளில் அந்த அச்சத்தோடு துஆச் செய்து வந்திருக்கிறாள். பரிசோதனையில் அது ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரணக் கட்டி என்று தெரியவந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஏழு மாதத் தனிமையை அவளுக்குக் கொடுத்தது நோய் அல்ல; நாம்தான்.

வெட்கம் நம் மார்க்கத்தில் உயர்ந்த பண்பு. அதில் ஐயமில்லை. ஆனால் அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் நாம் அறிவோம். மாதவிடாய்க்குப் பிந்திய குளிப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்தவர்கள் அக்காலப் பெண்கள். மறைக்க வேண்டியதை அந்நியர் கண்ணிலிருந்து மறைப்பதே ஹயா. தாயிடமும் மருத்துவரிடமும் மறைப்பது ஹயா அல்ல, அச்சம்.

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது சாதாரணக் கட்டி, எது அல்ல என்பதைக் கையால் தொட்டு நாமே முடிவு செய்ய முடியாது. இதற்கு மருத்துவர்கள் மூன்று படிகளைக் கடைப்பிடிக்கின்றனர். முதலில் நேரடிப் பரிசோதனை. அடுத்து ஸ்கேன், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் மேமோகிராமும் எடுப்பார்கள். தேவையெனில் ஊசியால் சிறிதளவு சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. இவை ஒன்றோடொன்று பொருந்தினால்தான் நிம்மதி. 'ஊசி பட்டால் கட்டி பரவிவிடும்' என்று பெரியவர்கள் சிலர் தடுப்பதைக் கேட்கிறோம். இந்தப் பேச்சுக்காகப் பயாப்ஸியைத் தவிர்ப்பவர், தேவையற்ற அறுவைக்கோ ஆபத்தான தாமதத்துக்கோ ஆளாகலாம்.

மறைப்பது ஒரு தவறு என்றால், கட்டி என்றவுடன் 'எடுத்துவிடுங்கள்' என்று அவசரப்படுவது இன்னொரு தவறு. அறுவை எல்லோருக்கும் தேவையில்லை. தேவைப்படுவோருக்கும் அது ஒரே வகையானதல்ல.

இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா, விரலுக்குள் அகப்படாமல் நழுவும் கட்டி. பயாப்ஸியில் உறுதியாகி, சிறியதாகவும் வளராமலும் இருந்தால், அதை அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். சில தானாகவே சுருங்குவதும் உண்டு. சுமார் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, தொடர்ந்து வளர்ந்தாலோ, வலித்தாலோ எடுப்பது பற்றிப் பேசுவார்கள். தழும்பு அதிகம் தெரியாதவாறு, முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கீறி எடுப்பது ஒரு முறை. சில மருத்துவமனைகளில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு துளை வழியாக உறிஞ்சு கருவியால் எடுக்கும் வசதியும் இருக்கிறது. இதே தோற்றத்தில் விரைந்து வளரும் ஃபைலோட்ஸ் என்ற கட்டி வேறு. அது மீண்டும் வரக்கூடியதாகையால், சுற்றியுள்ள நல்ல சதையிலும் சிறிது சேர்த்தே எடுக்கப்படும்.

நீர்க்கட்டிகளுக்குப் பொதுவாகக் கத்தியே தேவையில்லை. தொந்தரவு கொடுத்தால் ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரில் இரத்தம் கலந்திருந்தாலோ, கட்டி மீண்டும் மீண்டும் நிரம்பினாலோ மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

பாலூட்டும் தாய்மார்களுக்கு வரும் சீழ்க்கட்டியை நம் வீடுகள் நன்கு அறியும். தொடக்கத்திலேயே சென்றால் மருந்தோடு முடியலாம். சீழ் கட்டிய பிறகும், ஸ்கேன் துணையோடு ஊசியால் உறிஞ்சுவதே பலருக்குப் போதுமானது. சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும். தோல் மெலிந்து உடையும் நிலைக்கு வந்தபின்தான் பெரும்பாலும் கீறி வடிக்க நேர்கிறது. இந்நேரத்தில் பாலை நிறுத்திவிடச் சொல்வது பரவலான தவறு. பால் வெளியேறுவதே குணமாகத் துணை செய்யும். குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குர்ஆன் பேசியிருக்க, மருத்துவரைக் கேளாமல் நாமே அதை முறித்துவிட வேண்டாம்.

ஒரு முலைக்காம்பிலிருந்து மட்டும் இரத்தமோ தெளிந்த நீரோ தானாகக் கசிந்தால், பால் குழாய்க்குள் பாப்பிலோமா என்ற சிறு வளர்ச்சி இருக்கக்கூடும். அந்த ஒரு குழாயை மட்டும் அகற்றும் அறுவை உண்டு. எல்லாக் குழாய்களையும் அகற்றும் அறுவையும் உண்டு. அதற்குப்பின் அந்த மார்பில் பாலூட்ட இயலாது. எனவே இனியும் குழந்தை வேண்டும் என்றிருப்பவர் இதைக் கையொப்பமிடுமுன் கேட்டுத் தெளிய வேண்டும்.

காசநோயாலும், கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சியாலும் வரும் வீக்கங்கள் பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும். இவற்றில் காரணம் அறியாமல் அவசரமாக அறுத்தால் புண் ஆறாமல் நீடிக்கும். மருந்தே இங்கு முதல் வழி.

சகோதரர்களே, இது பெண்களின் விஷயம் மட்டுமல்ல. பருவ வயதில் நம் பையன்கள் பலருக்கு மார்பு சற்றுப் பருக்கும். கேலிக்கு அஞ்சிக் கூனி நடப்பார்கள், பள்ளிவாசல் ஹவ்ளில் சட்டையின் கையை மடக்கவும் தயங்குவார்கள். பெரும்பாலோருக்கு இரண்டொரு ஆண்டில் அது தானே தணியும். தணியாவிட்டால் அறுவை உண்டு. கொர்தோவாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தம் மருத்துவ நூலில் ஆண்களுக்கான இந்த அறுவையை எழுதியிருக்கிறார். நம் முன்னோர் எழுதத் தயங்காததை நாம் பேசத் தயங்குகிறோம்.

'அறுவை செய்வது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?' என்று சிலர் கேட்கின்றனர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு பொருத்தி, அது கெட்டுப்போனபோது, தங்கத்தால் பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் கூறியதை அறிஞர்கள் இங்கே எடுத்துக்காட்டுகின்றனர். தீங்கையும் குறையையும் நீக்குவது வேறு. அழகுக்காக மட்டும் மாற்றுவது வேறு. மிகுந்த பாரத்தால் கழுத்தும் தோளும் வலித்துத் தொழுகையில் குனிந்து நிமிரவும் சிரமப்படும் பெண், மார்பின் அளவைக் குறைக்கும் அறுவையை நாடினால், அதை அலங்கார ஆசை என்று இழிவாகப் பேசுவது நியாயமில்லை. தம் நிலையை ஆலிமிடம் விளக்கித் தெளிவு பெறட்டும்.

பெண் மருத்துவரைக் கேட்பது நம் உரிமை. ஸ்கேன் எடுப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காத ஊரில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். 'பெண் மருத்துவர் வரட்டும்' என்று மாதங்களைக் கடத்துவதற்கு மார்க்கத்தைக் காரணமாக்காதீர்கள். கட்டி கல் போல் கடினமாக இருந்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, அக்குளில் கட்டி தென்பட்டாலோ ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இறுதியாக, பெண் பார்க்கச் செல்லும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். ஃபைப்ரோஅடினோமாவை எடுத்த தழும்பு திருமணத்துக்கோ குழந்தைப்பேற்றுக்கோ தடையில்லை. பாலூட்டவும் பெரும்பாலும் தடையில்லை. அதை ஒரு குறையாகப் பேசும் நாவுகள்தாம் நம் பெண்பிள்ளைகளை மௌனமாக்குகின்றன. என் தம்பி மகளின் கட்டி எடுக்கப்படவில்லை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் மட்டுமே. அவள் உம்மாவிடம் அதை நாங்கள் இருவருமாகச் சேர்ந்தே சொன்னோம். அவர் மகளை அணைத்துக்கொண்டு, "ஏன் முதல் நாளே என்னிடம் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். இன்றிரவு உங்கள் மகளிடம் நீங்களாகவே இப்பேச்சைத் தொடங்குங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.