அடக்க விலை தெரிந்தவரின் பேரம்

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் லேத் பட்டறை நடத்துபவர்களிடம் ஒரு பம்பு ஷாஃப்டைக் கொடுத்துப் பார்க்கலாம். மைக்ரோமீட்டரை வைத்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகு இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். அதே ஷாஃப்டின் அடக்க விலை என்ன என்று கேட்டால் பலரிடமிருந்து பதில் வராது. "பக்கத்துப் பட்டறையில என்ன ரேட்டோ அதுதான் நமக்கும்" என்பார்கள். கைத்தொழிலில் இத்தனை உறுதியோடு இருப்பவர்கள், ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் தயங்குவது இதனால்தான்.

சிறுதொழில் செய்பவருக்குப் பணவிஷயத்தில் தைரியம் வேண்டும் என்று மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். ஆனால், பேச்சைக் கேட்டு அந்தத் தைரியம் வருவதில்லை. தன் கணக்கும், சட்டம் தனக்குக் கொடுத்திருக்கும் உரிமையும் தெரிந்திருந்தால் அது தானாக வரும்.

ஒரு உதாரணக் கணக்கு. மாதம் 6,000 பீஸ், பீஸுக்கு 18 ரூபாய் கூலி. வரவு 1,08,000 ரூபாய். வாடகை, மின்கட்டணம், இரண்டு ஆள் சம்பளம், டூல்ஸ், ஆயில் எல்லாம் சேர்த்துச் செலவு 80,000. மிச்சம் 28,000. முதலாளி இதை லாபம் என்று நினைக்கிறார். ஆனால், அவரும் காலையிலிருந்து இரவு வரை மெஷினில் நிற்கிறார். அந்த இடத்தில் ஒரு டர்னரை வைத்தால் 25,000 சம்பளம் தர வேண்டும். 6 லட்சம் ரூபாய் மெஷின் பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், தேய்மானம் மாதத்துக்கு 5,000. இரண்டையும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,10,000. மாதம் 2,000 ரூபாய் நஷ்டம். ஒரு பீஸின் அடக்க விலை 18 ரூபாய் 33 காசு. இது தெரியாதவர், "ரேட்டை ஒரு ரூபாய் குறைங்க" என்றால் தலையாட்டிவிடுவார். தெரிந்தவர், "இருபதுக்குக் கீழே கட்டுப்படியாகாது சார்" என்று கணக்கைக் காட்டிப் பேசுவார்.

கணக்கு எழுதுவது படித்தவர்களால் மட்டுமே முடிகிற காரியம் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1989-ல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. வங்கிக்குள் காலே வைத்திராத பெண்கள் சேமிப்பு, உள்கடன், வட்டி என்று பேரேடு வைத்துக்கொண்டார்கள். 1992-ல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சொத்து அடமானம் இல்லாமல் அவர்களுக்குக் கடன் கிடைத்ததற்கு அந்த நோட்டுப் புத்தகங்களும் தவணை தவறாத பழக்கமும் பெரிய காரணம்.

தொழிலதிபர் சி.கே. ரங்கநாதனின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1983-ல் 15,000 ரூபாயோடு ஷாம்பு பாக்கெட் தொழிலைத் தொடங்கியவர், பிறகு கெவின்கேர் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். தொடக்கத்தில் அடமானம் வைக்க அவரிடம் எதுவும் இல்லை. தான் ஒழுங்காக வருமான வரி கட்டிவந்ததைப் பார்த்துத்தான் வங்கி மேலாளர் முதல் கடனைக் கொடுத்தார் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

கணக்கில்லாதவர் கடைசியில் போய் நிற்கும் இடம் தண்டல். 10,000 ரூபாய் என்று பேச்சு. 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால், அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படியும் தண்டல் ஓடுவதற்குக் காரணம், அது எந்தக் காகிதமும் கேட்காமல் வீட்டு வாசலுக்கே வருவதுதான்.

வங்கியில் வழி இல்லையா? இருக்கிறது. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு பரிந்துரைத்த முறைப்படி, சிறுதொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாக வங்கி தரலாம். 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். மேலே சொன்ன பட்டறையின் ஆண்டு வரவு சுமார் 13 லட்சம். அப்படியென்றால் கடன் வரம்பு ஏறக்குறைய 2.6 லட்சம். குறு, சிறு தொழில்களிடம் இந்த அளவு கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இந்த இரண்டும் தெரிந்து கிளைக்குள் நுழைபவர் "ஏதாவது பார்த்து லோன் குடுங்க சார்" என்று கேட்க மாட்டார்.

ஆனால், அந்த 2.6 லட்சம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனி நான்கு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால், பட்டறையின் 4.32 லட்சம் வெளியே நிற்கும். 45 நாளில் கொடுத்தால் நிற்பது 1.62 லட்சம்தான். வித்தியாசம் 2.7 லட்சம். அதாவது, பட்டறைக்காரர் வங்கியில் கேட்கும் கடன் அவருடைய தொழிலுக்குப் போவதில்லை. தன்னைவிடப் பெரிய கம்பெனிக்கு அவர் வட்டியில்லாமல் கொடுத்துவைத்திருக்கும் கடனை அது ஈடுகட்டுகிறது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-லேயே இந்தத் தாமதத்துக்குத் தடை போட்டிருக்கிறது. ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, கெடு தாண்டிய பாக்கியைக் கட்டும் வரை வாங்குபவர் அதைச் செலவாகக் காட்ட முடியாது. உற்பத்தி, சேவைத் துறைகளில் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய பிடி. பதிவுக்குக் கட்டணமும் கிடையாது.

"கேட்டால் ஆர்டர் போய்விடும்" என்ற பயம் நியாயமானது. ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் பட்டறையை வழக்குப் போடச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. ஆனால், பில்லில் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் அச்சடிப்பது சண்டை இல்லை. மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் அக்கவுன்ட்ஸ் பிரிவின் கண்ணில் அது கட்டாயம் படும். வாங்கும் கம்பெனி, பில்லை வைத்து வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் இணையத் தளத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அது பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கி பணம் தந்துவிடும். பிறகு கம்பெனி கட்டத் தவறினாலும் பட்டறையிடம் யாரும் திரும்ப வர முடியாது.

எல்லாவற்றையும் சிறு முதலாளியின் தலையிலேயே கட்டுவதும் சரியல்ல. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் ஆடிட்டர்கள், அதே எண்களை வைத்து அடக்க விலையையும் போட்டுக் காட்டலாம். கொடிசியா, டான்ஸ்டியா போன்ற சங்கங்களும் மாவட்டத் தொழில் மையங்களும் பாராட்டு விழாக்களோடு நிற்காமல், மாதம் ஒரு நாள் உறுப்பினர்களின் பில் புத்தகங்களோடு உட்கார வேண்டும். நிலுவைப் புகார்களை விசாரிக்கச் சென்னை, கோவை, மதுரை, திருச்சி மண்டலங்களில் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். எத்தனை வழக்குகள் அந்தக் கெடுவுக்குள் முடிந்தன என்பதை ஒவ்வொரு மன்றமும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் போடட்டும். அப்போது புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற பட்டறைக்காரர், எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்குப் போட்டு முடிவெடுக்க முடியும்.